பண்ணையிலிருந்து பஞ்சாலைக்கு: லோவெல் பெண்கள்

அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில், மெரிமாக் ஆற்றங்கரையில் உள்ள லோவெல் நகரம் பஞ்சாலைகளுக்காகவே உருவானது. பிரிட்டனின் விசைத்தறிகளை நேரில் பார்த்துவந்த பாஸ்டன் வணிகர் பிரான்சிஸ் கேபட் லோவெல், நூற்பும் நெசவும் ஒரே கட்டடத்தில் நடக்கும் ஆலையை வால்தம் என்ற ஊரில் நிறுவினார். 1817-இல் அவர் இறந்தபின், கூட்டாளிகள் பாட்டக்கெட் அருவியின் நீர்விசையை நம்பி அவர் பெயரிலேயே புதிய நகரை அமைத்தனர். 1823-இல் அங்கு முதல் ஆலை ஓடத் தொடங்கியது.

வேலைக்கு வந்தவர்களில் பெரும்பாலோர் நியூ ஹாம்ப்ஷயர், வெர்மான்ட், மெயின் பகுதிப் பண்ணை வீடுகளின் மணமாகாத இளம்பெண்கள். மலிவான ஆலைத்துணி வந்ததும் வீட்டில் நூற்று நெய்வதற்கு மதிப்பில்லாமல் போனது. குடும்பக் கடன், தம்பியின் படிப்பு, தன் கல்யாணச் செலவு எனக் காரணங்கள் பல. தன் கையில் தனக்கென்று காசு வேண்டும் என்ற ஆசையும் அவற்றில் ஒன்று. வாரக் கூலி சுமார் 3 டாலர், அதில் 1.25 டாலர் விடுதிக்குப் போனது.

மகளை அனுப்பத் தயங்கிய பெற்றோருக்கு நம்பிக்கை தர, கம்பெனிகளே விடுதிகளை நடத்தின. இரவு 10 மணிக்குக் கதவு அடைக்கப்படும். ஞாயிறன்று தேவாலயம் செல்வது கட்டாயம். எழுவது, உண்பது, வேலைக்குப் போவது எல்லாம் ஆலை மணிப்படிதான். வேலை நாளொன்றுக்கு 12 மணி நேரத்துக்கும் மேல். ஈரப்பதம் குறைந்தால் இழை அறுந்துவிடும் என்பதால் ஜன்னல்களைத் திறக்க விடுவதில்லை. பஞ்சுத்தூசி பறக்கும் அந்தப் புழுக்கத்தில், தறிகளின் இரைச்சலுக்கு நடுவே, ஒரே பெண் பல தறிகளைக் கவனித்தாள். நாடாவில் ஊடைநூல் தீர்ந்தால் புதிய நூற்கண்டை மாட்டி, நூல் நுனியை நாடாவின் துளை வழியே வாயால் உறிஞ்சி இழுப்பாள். கூடவே தூசியும் நெஞ்சுக்குள் போகும்.

இத்தனைக்கும் நடுவில் அவர்கள் படித்தார்கள். இரவு வகுப்புகளுக்கும் சொற்பொழிவுகளுக்கும் போனார்கள். 1840 முதல் 1845 வரை வெளிவந்த ‘லோவெல் ஆஃபரிங்’ இதழை நிரப்பியவை ஆலைப் பெண்களின் எழுத்துகளே. அதில் எழுதிய லூசி லார்கம் பின்னாளில் பெயர்பெற்ற கவிஞரானார்.

கூலி கொடுத்த தன்மானம் போராட்டத்துக்கும் துணிவு தந்தது. 1834-இல் கூலிக்குறைப்பை எதிர்த்து சுமார் 800 பெண்கள் வேலையை நிறுத்தினர், அது தோற்றது. 1836-இல் விடுதிக் கட்டணம் உயர்ந்தபோது இன்னும் அதிகமானோர் வெளியேறினர். தன் பகுதியிலிருந்தவர்கள் தயங்கி நின்றபோது முதலில் வெளியே நடந்தவள் 11 வயதுச் சிறுமி ஹாரியட் ஹான்சன். இம்முறை கம்பெனிகள் ஓரளவு இறங்கிவந்தன. அடுத்த பத்தாண்டில் சாரா பேக்லி தலைமையில் பெண் தொழிலாளர் சங்கம் உருவாகி, 10 மணி நேர வேலை கேட்டு மனுக்களை அனுப்பியது. 1845-இல் சட்டமன்றக் குழு சாட்சியங்களைக் கேட்டும், சட்டம் இயற்ற மறுத்தது.

வேலைப்பளு ஏற ஏற, கூலி அதற்கேற்ப உயராததால் பண்ணைப் பெண்கள் விலகத் தொடங்கினர். பஞ்சத்துக்குத் தப்பி வந்த அயர்லாந்துக் குடும்பங்கள் அவர்கள் இடத்தை நிரப்பின. பெண்களுக்கும் சிறாருக்கும் 10 மணி நேர வேலைச் சட்டம் மாசசூசெட்ஸில் 1874-இல்தான் வந்தது. மனுவில் கையெழுத்திட்டவர்களுள் பெரும்பாலோர் அதற்குள் ஆலையை விட்டுப் போயிருந்தாலும், அந்தக் கோரிக்கையை முதலில் எழுப்பியோரில் அவர்கள் முன்வரிசையில் நிற்கிறார்கள்.