மாற்றுத்திறனாளி உதவித்தொகை கிடைக்கவில்லையா? வக்கீல் இலவசம், வருமான வரம்பும் இல்லை

நீலகிரி மாவட்டம் சோலூர் ஒரு பேரூராட்சி. ஆனால் மாற்றுத்திறனாளி உதவித்தொகைக்கான முக்கிய அலுவலகங்கள் எல்லாம் ஊட்டியில்தான். மருத்துவச் சான்றுக்கு ஒரு நாள், வட்டாட்சியர் அலுவலகத்துக்கு ஒரு நாள், ‘அடுத்த வாரம் வாங்க’ என்றால் இன்னொரு நாள். நடக்க முடியாதவர் தனியாகவும் போக முடியாது. துணைக்கு வருபவரின் தேயிலைத் தோட்டக் கூலியும் அன்றைக்குப் போய்விடும்.

இப்படி இரண்டு, மூன்று முறை அலைந்ததும் ‘போனா போகட்டும்’ என்று விட்டுவிடுபவர்கள் உண்டு. சட்டம் இலவசமாக ஒரு வக்கீலைத் தருகிறது என்ற விஷயம் அவர்களில் பலருக்குத் தெரிவதில்லை.

யாருக்கு இலவசம்?

சட்டப் பணிகள் ஆணைக்குழுக்கள் சட்டம், 1987-ன் 12-வது பிரிவு இதற்கான பட்டியலைத் தருகிறது. மாற்றுத்திறனாளிகள், பெண்கள், குழந்தைகள், பட்டியல் சாதியினர், பழங்குடியினர், தொழில்துறைத் தொழிலாளர்கள் எல்லோரும் அதில் இருக்கிறார்கள். இவர்களுக்கு வருமான வரம்பு கிடையாது. ‘மகன் ஐடி கம்பெனியில் இருக்கிறானே’ என்று சொல்லி யாரும் திருப்பி அனுப்ப முடியாது.

வக்கீல் கட்டணம் மட்டுமல்ல. நீதிமன்றக் கட்டணம், மனு தயாரிக்கும் செலவு, ஆவண நகல் செலவு ஆகியவற்றையும் ஆணைக்குழுவே ஏற்கும். அமெரிக்காவில் இதே வேலைக்கு வரும் வக்கீல், வழக்கமாக நிலுவைத் தொகையில் 25 சதவீதம் வரை கட்டணமாக எடுத்துக்கொள்ளலாம். இங்கே ஒரு பைசா கொடுக்கத் தேவையில்லை.

என்னென்ன கிடைக்கும்?

மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம், 2016 மொத்தம் 21 வகை குறைபாடுகளை அங்கீகரிக்கிறது. பெரும்பாலான சலுகைகளுக்கு 40 சதவீதக் குறைபாடு அடிப்படை அளவு. தமிழகத்தில் பணமாகக் கிடைப்பவற்றில் முக்கியமானவை இரண்டு. ஒன்று, வருவாய்த் துறை வழியாக வரும் ஓய்வூதியம். இது 2023 ஜனவரியில் 1,000 ரூபாயிலிருந்து 1,500 ரூபாயாக உயர்ந்தது. இன்னொன்று, கடுமையாகப் பாதிக்கப்பட்டோர், அறிவுசார் குறைபாடு உடையோர், தசைச்சிதைவு நோயாளிகள் போன்றோருக்கு மாற்றுத்திறனாளிகள் நலத்துறை தரும் பராமரிப்பு உதவித்தொகை. இது மாதம் 2,000 ரூபாய்.

எங்கே சிக்குகிறது?

முதல் சிக்கல், முகவரி. சோலூர் வேறு, சோலூர்மட்டம் வேறு. முதலாவது ஊட்டி வட்டம். இரண்டாவது கோத்தகிரி வட்டம். விண்ணப்பத்தில் ஊர்ப் பெயர் மாறினால் ஃபைல் வேறு தாலுகாவுக்குப் போய்விடும்.

இரண்டாவது, சதவீதம். மருத்துவக் குழு 35 என்று எழுதிவிட்டால் 40 தேவைப்படும் திட்டம் எதுவும் கிடைக்காது. இதை அப்படியே ஏற்க வேண்டியதில்லை. சட்டத்தின் 59-வது பிரிவு மேல்முறையீட்டுக்கு இடம் தருகிறது. அதற்குக் காலக்கெடு உண்டு என்பதால், சான்று கைக்கு வந்ததும் வக்கீலிடம் காட்டிவிடுவது நல்லது.

மூன்றாவது, வாய்மொழி மறுப்பு. ‘உங்களுக்கு வராதும்மா’ என்று சொல்லி அனுப்பிவிட்டால், மேலே போய் முறையிடக் கையில் எந்தக் காகிதமும் இருக்காது. அதனால் மனு கொடுக்கும்போதே ஒப்புகைச் சீட்டு வாங்க வேண்டும். மறுத்தால் காரணத்தை எழுத்தில் கேட்க வேண்டும். எழுதித் தர மறுத்தால் 10 ரூபாய் கட்டணத்தில் தகவல் உரிமைச் சட்ட மனு போடலாம். 30 நாளில் பதில் வர வேண்டும். அந்தப் பதில்தான் வக்கீலுக்கு ஆதாரம்.

வக்கீலை எப்படிப் பெறுவது?

ஒவ்வொரு மாவட்டத்திலும் முதன்மை மாவட்ட நீதிபதி தலைமையில் மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழு இயங்குகிறது. நீலகிரிக்கு அது ஊட்டியில் இருக்கிறது. ஊட்டிக்குப் போவதே சிரமம் என்றால் 15100 என்ற தேசிய உதவி எண்ணுக்கு வீட்டிலிருந்தே அழைக்கலாம்.

மனு எழுதத் தெரியாவிட்டாலும் பரவாயில்லை. வாயால் சொன்னால் போதும். அங்குள்ள தன்னார்வலர் எழுதிக்கொள்வார். மனு மீது 7 நாட்களுக்குள் முடிவெடுக்க வேண்டும் என்பது விதி. ஆதார், ரேஷன் கார்டு, யுடிஐடி அட்டை அல்லது மருத்துவச் சான்று, ஒப்புகைச் சீட்டு ஆகியவற்றின் நகல்கள் கையில் இருந்தால் வேலை சீக்கிரம் நடக்கும்.

கோர்ட்டுக்குத்தான் போக வேண்டுமா?

பெரும்பாலும் வேண்டாம். வக்கீல் அனுப்பும் ஒரு கடிதமே தூங்கும் ஃபைலை நகர்த்தலாம். திங்கட்கிழமைகளில் கலெக்டர் அலுவலகத்தில் நடக்கும் மக்கள் குறைதீர் கூட்டத்திலும் மனு கொடுக்கலாம். அதிலும் தீரவில்லை என்றால் மாற்றுத்திறனாளிகளுக்கான மாநில ஆணையர் இருக்கிறார். விசாரணை நடத்தும்போது சாட்சிகளை வரவழைக்கவும் ஆவணங்களைக் கேட்கவும் சிவில் நீதிமன்றத்துக்கு உள்ள அதிகாரம் அவருக்கு உண்டு. அவர் பரிந்துரை அனுப்பினால், சம்பந்தப்பட்ட அலுவலகம் 3 மாதத்துக்குள் நடவடிக்கையைத் தெரிவிக்க வேண்டும்; ஏற்காவிட்டால் அதற்கான காரணத்தைச் சொல்ல வேண்டும்.

18 வயது முடிந்த பிள்ளைகளுக்கு?

பெற்றோர் பலர் கவனிக்கத் தவறுவது இது. 18 வயதுக்குப் பிறகு சட்டத்தின் பார்வையில் பிள்ளை தனிநபர். ஆட்டிசம், பெருமூளை வாதம், அறிவுசார் குறைபாடு, பல்வகைக் குறைபாடு உள்ளவர்களுக்கு, தேவைப்பட்டால் தேசிய அறக்கட்டளைச் சட்டம், 1999-ன் கீழ் சட்டப்பூர்வ பாதுகாவலரை நியமிக்கலாம். கலெக்டர் இடம்பெறும் உள்ளூர் அளவிலான குழு இதைச் செய்கிறது. வங்கியிலோ சொத்து விஷயத்திலோ பாதுகாவலர் சான்று கேட்கப்படும்போது இது கைகொடுக்கும். இந்த மனுவைத் தயாரிக்கவும் இலவச சட்ட உதவி கேட்கலாம்.

சென்னையிலோ பெங்களூரிலோ வேலை பார்த்துக்கொண்டு ஊரில் இப்படி ஒருவர் இருப்பதை அறிந்தவர்கள், இன்றே இரண்டு வேலைகளைச் செய்யலாம். 15100-ஐ அவருடைய போனில் சேமித்துக் கொடுங்கள். அடுத்த முறை அலுவலகத்துக்குப் போகும்போது ஒப்புகைச் சீட்டு இல்லாமல் திரும்ப வேண்டாம் என்று சொல்லுங்கள். 1,500 ரூபாய் ஓய்வூதியம் ஒரு வருஷம் தள்ளிப்போனால், அந்த வீட்டுக்கு நஷ்டம் 18,000 ரூபாய்.