கல்விக்கூடங்களும் நலொக்சோனும்

அபினும், அதனின்று பெறப்படும் மோர்பீன், ஹெரோயின் என்பனவும், செயற்கையாக ஆக்கப்படும் பெண்டனிலும் ஓரினத்தைச் சார்ந்த மருந்துகளாகும். நோவைத் தணித்தல் இவற்றின் பயன். அளவு மிஞ்சின் மூச்சை அடக்குதல் இவற்றின் கொடுமை. மூளையிலுள்ள வாங்கிகளைப் பற்றிக்கொண்டு, சுவாசத்தை இயக்கும் பகுதியை இவை தளர்த்திவிடுகின்றன. ஒட்சிசன் இல்லாதவிடத்து மூளை சில நிமிடங்களே பழுதுறாது தாங்கவல்லது.

இந்நஞ்சை முறிப்பது நலொக்சோன் என்னும் மருந்து. அமெரிக்க ஐக்கிய நாடுகளில் 1971 ஆம் ஆண்டில் இது அனுமதி பெற்றது. அவ்வாங்கிகளை நஞ்சினும் வலிதாகப் பற்றும் இயல்புடைமையால், நஞ்சை விலக்கித் தான் அவ்விடத்தை அடைகின்றது. மூச்சும் மீள்கின்றது. மூக்கினுள் தெளிக்கும் வகை 2015 இல் அனுமதிக்கப்பட்டது. 2023 இல் மருத்துவரின் சீட்டின்றி விற்கவும் இசைவு கிடைத்தது. ஆகவே ஊசியேற்றத் தெரியாத ஆசிரியரும் மாணவரும் இதனைக் கையாளலாம். இரண்டு மூன்று நிமிடங்களிற் பயன் தோன்றாவிடின் மீண்டும் ஒருமுறை தெளித்தல் வேண்டும். உடலில் அவ்வின நஞ்சு இல்லாதார்க்கு இதனால் தீங்கில்லை.

கல்விக்கூடங்களில் இஃது ஏன் வேண்டும்? பத்து முதல் பத்தொன்பது வயதுவரையுள்ளோரிடை இத்தகைய மரணங்கள், 2019 இன் பிற்பாதிக்கும் 2021 இன் பிற்பாதிக்கும் இடையில் இரு மடங்குக்கு மேலாயின என்று அந்நாட்டு நோய்க்கட்டுப்பாட்டு நிலையம் கணித்துள்ளது. அவற்றுள் 84 வீதமானவற்றிற் சட்டவிரோதமாக ஆக்கப்பட்ட பெண்டனில் காணப்பட்டது. சாதாரண மருந்தைப்போலத் தோன்றும் போலிக் குளிகையை உட்கொண்டு மாண்டோரும் உளர். இறந்தோருள் மூன்றில் இரு பங்கினர்க்கு அண்மையில் வேறொருவர் இருந்தனர்; எனினும் பெரும்பாலானோர்க்கு உதவி கிடைத்திலது. மருந்து கையிலிருத்தலோடு, அடையாளமறிந்த கண்ணும் வேண்டும் என்பது இதனாற் புலனாகும்.

லொஸ் ஏஞ்சல்ஸ் நகரப் பொதுப் பாடசாலைகளுக்கு இம்மருந்தை வழங்க 2022 இல் முடிவு செய்யப்பட்டது. கலிபோர்னியா மாநிலம் அதே ஆண்டில் இயற்றிய சட்டமொன்று, சமுதாயக் கல்லூரிகளும் அம்மாநிலப் பல்கலைக்கழக வளாகங்களும் இதனைப் பெற்று வழங்க வழிவகுத்தது.

மருந்து அருகிருப்பின் இளைஞர் அச்சமின்றித் தீய வழியிற் செல்வர் எனச் சிலர் வாதிப்பர். தீயணைக்குங் கருவியை வைத்திருத்தல் தீயை அழைத்தலாகாது. மேலும், இம்மருந்து இன்பம் பயப்பதன்று; பழக்கத்துக்கு அடிமையானவர்க்குக் கடுந்துன்பமே தருவது.

எனினும், பூட்டிய பேழையுட் கிடக்கும் மருந்தாற் பயனில்லை. அஃது இருக்குமிடம் யாவர்க்குந் தெரிதல் வேண்டும்; மாலையிலும் மாணவர் விடுதியிலும் கைக்கெட்டுதல் வேண்டும்; காலாவதி நாளும் கவனிக்கப்படல் வேண்டும். அழைத்தும் விழியாமை, தளர்ந்த அல்லது நின்ற மூச்சு, ஊசிமுனைபோற் சுருங்கிய கண்மணி, நீலம்பாய்ந்த உதடு என்னும் குறிகளைப் பலரும் அறிதல் வேண்டும். நலொக்சோனின் ஆற்றல் முப்பது முதல் தொண்ணூறு நிமிடங்களளவே நிற்கும். நஞ்சு அதனினும் நீடிக்கக்கூடும். ஆதலின், உடனே நோயாளர் வண்டியை அழைத்தலும், அது வரும்வரை அருகிருந்து மூச்சைக் கவனித்தலும் தவிர்க்கவொண்ணாத கடமைகளாம்.

இளைஞரை நல்வழிப்படுத்துதல் கல்வியின் நெடும்பணி. அப்பணி நிறைவேறுதற்கு முதற்கண் அவர் உயிரோடிருத்தல் வேண்டுமன்றோ?