ஒரு வயதில் கொடுத்தது இருபதிலும் இருக்க

முதல் பிறந்தநாளுக்கு மோதிரம் போடப்போகிறவர்கள் கடைக்குக் கிளம்பும் முன் ஒரு விதியைத் தெரிந்துகொள்வது நல்லது. இரண்டு கிராமுக்குக் குறைவான தங்க நகைக்கு ஹால்மார்க் முத்திரை கட்டாயமில்லை. பவுன் விற்கும் விலையில் குழந்தைக்கென்று எடுக்கும் மோதிரமோ ஒரு கிராம், மிஞ்சிப்போனால் ஒன்றரை.

2023 ஏப்ரல் 1 முதல், விற்கப்படும் ஹால்மார்க் நகைகளில் எழுத்தும் எண்ணும் கலந்த ஆறு இலக்கக் குறியீடு இருந்தாக வேண்டும். பிஐஎஸ் கேர் செயலியில் அதைத் தட்டிப் பார்த்தால் நகையின் தூய்மை தெரிந்துவிடும். குட்டி மோதிரத்துக்கு அந்த முத்திரை இல்லையென்றால் பில்தான் ஆதாரம். எடை, காரட், செய்கூலி, சேதாரம் எல்லாம் அதில் தனித்தனியாக இருக்கிறதா என்று நின்று பார்த்து வாங்க வேண்டும். வழவழப்பான தாளில் அச்சிட்டுத் தரும் பில் சில வருஷங்களில் வெளுத்துவிடும். அன்றைக்கே ஒரு ஜெராக்ஸ் எடுத்துப் பெட்டிக்குள் வைத்துக் கொடுத்தால் புண்ணியம். மோதிரம் எப்படியும் ஒரு வருஷத்தில் விரலுக்குப் பற்றாது. கையில் இருப்பதையெல்லாம் வாயில் போடும் வயது என்பதால், விழா முடிந்த கையோடு கழற்றி வைப்பதுதான் பத்திரம். அதே பணத்துக்குத் தங்கக் காசாக வாங்கினால் செய்கூலியும் குறையும், அளவுப் பிரச்சினையும் இல்லை.

முதல் பிறந்தநாள் மோதிரம் கொரியாவிலும் உண்டு. ‘டோல்’ என்னும் அந்த விழாவுக்கு 3.75 கிராம் எடையுள்ள தங்க மோதிரம் கொடுப்பது அங்கே வழக்கம். 1997 கடைசியில் அந்த நாடு அந்நியச் செலாவணி நெருக்கடியில் மாட்டிக்கொண்டபோது, மக்கள் வரிசையில் நின்று வீட்டுத் தங்கத்தைக் கொண்டுவந்து கொடுத்தார்கள். திருமண மோதிரங்களோடு பிள்ளைகளின் முதல் பிறந்தநாள் மோதிரங்களும் அதில் சேர்ந்தன. திரண்டது சுமார் 227 டன். யாரோ பத்திரமாக எடுத்து வைத்திருந்ததால்தான் அந்தக் குட்டி மோதிரங்கள் அன்றைக்குக் கைகொடுத்தன.

அந்த ‘யாரோ’தான் முக்கியம். பெரியவர்களுக்கு எட்டும் மிகப் பழைய ஞாபகமே பெரும்பாலும் மூன்று, மூன்றரை வயதை ஒட்டியதுதான். கேக் வெட்டியதோ, மாமா மடியில் உட்கார்ந்து காது குத்திக்கொண்டதோ குழந்தையின் நினைவில் நிற்கப்போவதில்லை. ஆகவே பரிசு எதுவானாலும் அதைப் பார்த்துக்கொள்ளவும், பின்னாளில் சொல்லிக் கொடுக்கவும் ஒரு பெரியவர் தேவை. என்ன வாங்கலாம் என்பதற்கு முன்னால், யார் பார்த்துக்கொள்வார்கள் என்று கேட்டுக்கொண்டால் பாதி குழப்பம் தீர்ந்துவிடும்.

இந்தக் கணக்கில் எவர்சில்வருக்கு ஈடு கிடையாது. பாத்திரக்கடையில் பெயர் வெட்டித் தருவார்கள் அல்லவா? கையடக்க மின்கருவி ரீங்காரமிட, அதன் ஊசிமுனை பட்ட இடமெல்லாம் புள்ளி புள்ளியாக எழுத்து விழும். பாட்டி வீட்டுப் பரணில் இருக்கும் அடுக்குகளைத் திருப்பிப் பார்த்தால், எந்த ஊர் யார் எந்தக் கல்யாணத்துக்குக் கொடுத்தது என்பது இன்றும் படிக்கும்படி இருக்கும். ஒரு தட்டு, ஒரு டம்ளர், ஒரு பருப்புக் கிண்ணம் போதும். விளிம்பு மடித்து உருட்டியதா என்று விரலால் தடவிப் பார்த்து எடுக்க வேண்டும். குழந்தையின் பெயர், தேதி, கொடுப்பவர் பெயர், ஊர் எல்லாவற்றையும் வெட்டச் சொல்ல வேண்டும். ‘அன்புடன் அத்தை’ என்று மட்டும் இருந்தால், இருபது வருஷம் கழித்து எந்த அத்தை என்று தெரியாது. தினமும் சோறு சாப்பிடுகிற தட்டு என்பதால் பீரோவில் பூட்டி மறக்கிற பேச்சும் இல்லை. இதே காரணத்துக்காக வெள்ளி டம்ளரும் நல்லதே. கறுத்தால் விபூதி போட்டுத் தேய்த்தால் போகும். வெள்ளிக் கொலுசு வாங்குவதானால் முத்துகள் இறுக்கமாகப் பற்றவைக்கப்பட்டிருக்கின்றனவா என்று இழுத்துப் பார்ப்பது அவசியம். ஒன்று கழன்றாலும் நேரே வாய்க்குத்தான் போகும்.

பொம்மை வாங்கக் கூடாது என்றில்லை. மரத்தில் கடைந்து அரக்கு மெருகேற்றிய சன்னபட்டணத்துப் பொம்மைகள் அடுத்த பிள்ளைக்கும் கைமாறும். நடைவண்டியும் அப்படித்தான், குழந்தை தன் காலில் நின்று தள்ளும். உட்காரவைத்து உருட்டும் ‘பேபி வாக்கர்’ வேறு சாதி. அதில் குழந்தைகள் படியில் உருண்டு விழுந்து அடிபடுவதால் கனடா 2004-லேயே அதற்குத் தடை போட்டது. அதைத் தவிர்ப்பதே நல்லது. பட்டன் பேட்டரி போட்ட பொம்மையும் வேண்டாம். விழுங்கிவிட்டால் இரண்டு மணி நேரத்துக்குள் உணவுக்குழாயைப் புண்ணாக்கக்கூடியது அது.

பணமாகக் கொடுக்க விரும்புகிறவர்களுக்கு அஞ்சலகம் இருக்கிறது. பெண் குழந்தைக்குச் செல்வமகள் சேமிப்புத் திட்டம். ஆண் குழந்தைக்குப் பொன்மகன் பொது வைப்பு நிதி. செல்வமகள் கணக்கில் வருஷத்துக்குக் குறைந்தது 250 ரூபாய் வீதம் 15 வருஷம் கட்ட வேண்டும். கணக்குத் தொடங்கி 21 வருஷத்தில் முதிர்வடையும். கணக்கை அப்பாவோ அம்மாவோ சட்டப்படியான காப்பாளரோதான் தொடங்க முடியும். சித்தப்பாவும் பெரியம்மாவும் நேராகத் தொடங்க முடியாது. ஆனால் முதல் தவணையைக் கொடுத்துவிட்டு, ‘ஒவ்வொரு பிறந்தநாளுக்கும் இதே கணக்குக்குத் தருகிறேன்’ என்று சொல்லலாம். சொன்னபடி செய்யவும் வேண்டும்.

மரம் வைப்பதற்கும் இதே நியாயம்தான். ராஜஸ்தானில் பிப்லாந்த்ரி என்ற ஊரில் பெண் குழந்தை பிறந்தால் 111 மரக்கன்றுகள் நடுகிறார்கள். ஊர்த் தலைவராக இருந்த ஷ்யாம் சுந்தர் பாலிவால், மகளைப் பறிகொடுத்த துயரத்தில் தொடங்கிவைத்த வழக்கம் இது. அவருக்கு 2021-ல் பத்மஸ்ரீ கிடைத்தது. கன்று நடுவதோடு ஊராரும் பெற்றோரும் பணம் போட்டுக் குழந்தையின் பெயரில் வைப்புத்தொகையும் கட்டுகிறார்கள். நட்டதைக் காப்பது ஊர்ப் பொறுப்பு.

நம் பக்கத்தில் தென்னை பொருத்தம். நெட்டை ரகம் காய்க்க ஆறேழு வருஷம் ஆகும். முதல் பிறந்தநாளன்று வைத்தால், குழந்தை ஆரம்பப் பள்ளியில் படிக்கும்போது முதல் குலை தள்ளும்; அதன்பின் அறுபது வருஷத்துக்குக் குறையாமல் நிற்கும். அடுக்குமாடியில் இருப்பவர்கள் சொந்த ஊரில் தோட்டம் உள்ள உறவினரிடம் இடம் கேட்கலாம். கன்றின் விலை பெரிதல்ல. முதல் மூன்று கோடைக்குத் தண்ணீர் ஊற்ற ஆள் வைக்கும் செலவையும் சேர்த்துக் கொடுத்துவிட வேண்டும்.