திரும்பி வந்த தொண்டர்

வறுமையை விரும்பி ஏற்பவனுக்கும் வறுமையிற் பிறந்தவனுக்கும் உள்ள வேற்றுமை யாது? முன்னவன் நினைத்தபோது தன் ஊர் திரும்பலாம். பின்னவனுக்கு அவ்வழி இல்லை.

கலிபோர்னியாவில் பன்றிப் பண்ணை நடத்திய மோரிற்ஸ் தொம்சன், 48ஆம் வயதில் அமெரிக்கச் சமாதானப் படையிற் சேர்ந்தார். 1960களில் எக்குவடோரின் கரையோரக் கிராமமாகிய ரியோ வேர்தேயில் ஏழைகளிடையே குடியிருந்தார். கோழியும் பன்றியும் வளர்க்கக் கற்பித்தார். கூட்டுறவுச் சங்கம் அமைக்கத் துணைநின்றார். சோம்பல் என்று பிறர் இகழ்வது அரைவயிற்றின் தளர்ச்சியே என்பதை அன்றாட வாழ்விலே கண்டார். 1969இல் வெளியான ‘வறுமையில் வாழ்தல்’ என்னும் அவரது ஆங்கில நூல் தம் தோல்விகளையும் மறையாது கூறுகிறது.

பணி முடிந்து தாயகம் சென்றவர், எக்குவடோருக்கே மீண்டார். ரியோ வேர்தே நண்பர் ஒருவருடன் கூட்டாகப் பண்ணை செய்தார். 1991இல் அந்நாட்டின் குவாயாகில் நகரிலே மறைந்தார். கற்பிக்கச் சென்றவர் பங்காளியானார். தொண்டின் நிறைவு வேறு யாது?