ஷூமாக்கரின் இரண்டாவது இன்னிங்ஸ்

மைக்கேல் ஷூமாக்கர் 2006-ஆம் ஆண்டின் கடைசிப் பந்தயத்தோடு பார்முலா 1-இலிருந்து ஓய்வு பெற்றபோது அவர் கணக்கில் 7 உலக சாம்பியன் பட்டங்களும் 91 வெற்றிகளும் இருந்தன. அதுவரை எவரும் தொடாத உயரம் அது. மூன்று பருவங்கள் வெளியே இருந்துவிட்டு, 2010-இல் மெர்சிடிஸ் அணிக்காக மீண்டும் காரில் ஏறினார். அப்போது அவருக்கு வயது 41. அதே அணியின் இன்னொரு காரில் இருந்தவர் 24 வயது நிகோ ரோஸ்பெர்க். இருவரும் சேர்ந்து ஓட்டிய மூன்று பருவங்களின் 58 பந்தயங்களில் ரோஸ்பெர்க் எடுத்த புள்ளிகள் 324, ஷூமாக்கர் எடுத்தது 197. ரோஸ்பெர்க் ஐந்து முறை பரிசு மேடை ஏறினார். அதில் ஒன்று வெற்றி. ஷூமாக்கர் ஏறியது ஒரே முறை, அதுவும் மூன்றாம் இடத்துக்காக. வயதான காலத்தில் திரும்பி வந்து பெயரைக் கெடுத்துக்கொண்டார் என்பதுதான் அன்று பரவலாகச் சொல்லப்பட்ட தீர்ப்பு. முதல் ஆண்டை மட்டும் பார்த்தால் அது சரி. மூன்று ஆண்டுகளையும் பார்த்தால் அவ்வளவு சுலபமாகச் சொல்லிவிட முடியாது.

கிரிக்கெட்டில் இரண்டு மட்டையாளர்களை ஒப்பிட ஓட்டங்களும் சராசரியும் போதும். பார்முலா 1-இல் அது நடக்காது. ஒவ்வோர் அணியும் தன் காரைத் தானே வடிவமைப்பதால், பத்தாவது இடத்தில் வரும் வீரர் முதலிடத்தில் வருபவரைவிடத் திறமைசாலியாக இருக்கவும் கூடும். ஒரே கார், ஒரே இன்ஜின், ஒரே டயர் என்று சமமான கருவிகள் கிடைப்பது அணியின் சக வீரருக்கு மட்டுமே. எனவே ஒரு வீரரை அளக்க நம்பகமான ஒரே அளவுகோல் அந்தச் சக வீரர். ஒருவர் முதலில் தோற்கடிக்க வேண்டியது தன் அணிக்காரரைத்தான் என்பது இந்த விளையாட்டின் பாலபாடம்.

திரும்பி வரும் ஆசைக்குத் தூண்டுகோலாக இருந்தது ஒரு விபத்து. 2009 ஜூலையில் ஹங்கேரியின் தகுதிச் சுற்றில், முன்னால் போன காரிலிருந்து கழன்று வந்த ஸ்பிரிங் ஒன்று ஃபெராரி வீரர் ஃபெலிபே மாஸாவின் தலைக்கவசத்தைத் தாக்கியது. அவருக்குப் பதிலாக ஷூமாக்கர் ஓட்டுவார் என்று ஃபெராரி அறிவித்தது. ஆனால் அந்த ஆண்டின் தொடக்கத்தில் மோட்டார் சைக்கிள் விபத்தில் அடிபட்ட கழுத்து இடம்தரவில்லை. சில நாள்களிலேயே அறிவிப்பு திரும்பப் பெறப்பட்டது. ஆனாலும் ஆசை அணையவில்லை. 2009-இல் பட்டம் வென்ற பிரான் அணியை மெர்சிடிஸ் வாங்கியது. அதன் தலைவர் ராஸ் பிரான், பெனட்டனிலும் ஃபெராரியிலும் ஷூமாக்கரின் ஏழு பட்டங்களுக்கும் தொழில்நுட்பப் பொறுப்பில் இருந்தவர். டிசம்பர் 23 அன்று மூன்று ஆண்டு ஒப்பந்தம் அறிவிக்கப்பட்டது.

1982-இன் உலக சாம்பியன் கேகே ரோஸ்பெர்க்கின் மகனான நிகோ, 2006 பஹ்ரைனில் வில்லியம்ஸ் அணிக்காகத் தன் முதல் பந்தயத்திலேயே அதிவேகச் சுற்றைப் பதிவு செய்தவர். ஆனால் 2010 வரை ஒரு வெற்றிகூட இல்லை. ஷூமாக்கரின் வருகை அறிவிக்கப்பட்டபோது, அணி முழுவதும் மூத்தவரைச் சுற்றியே இயங்கும், இளையவர் ஓரங்கட்டப்படுவார் என்று பலர் கணித்தார்கள். கார் எண்ணிலேயே அதற்கான அறிகுறி தெரிந்தது. ரோஸ்பெர்க்குக்கு 3, ஷூமாக்கருக்கு 4 என்றுதான் முதலில் ஒதுக்கியிருந்தார்கள். ஒற்றைப்படை எண்ணில் நம்பிக்கை உள்ள ஷூமாக்கர் 3-ஐக் கேட்டு வாங்கிக்கொண்டார். ஏழு பட்டம் வென்றவருக்கும் ராசி எண் தேவைப்பட்டிருக்கிறது!

ஓடுதளத்தில் காட்சி வேறாக இருந்தது. பஹ்ரைனில் நடந்த முதல் பந்தயத்தில் ரோஸ்பெர்க் ஐந்தாவது, ஷூமாக்கர் ஆறாவது. மழை பெய்த சீனாவில் ரோஸ்பெர்க் மூன்றாவது, ஷூமாக்கர் பத்தாவது. பருவம் முடிந்தபோது 142-க்கு 72, ஏறக்குறைய பாதி. தகுதிச் சுற்றுகளில் பெரும்பாலும் இளையவரே முன்னால் நின்றார். ஹங்கேரியில், ஃபெராரியில் தன் சக வீரராக இருந்த ரூபன்ஸ் பாரிசெல்லோ முந்த முயன்றபோது, நேர்ப்பாதையில் அவரைப் பிட் சுவரை ஒட்டி நெருக்கினார் ஷூமாக்கர். மயிரிழையில் பெரும் விபத்து தவிர்ந்தது. அடுத்த பந்தயத்தில் தொடக்க வரிசையில் பத்து இடம் பின்னுக்குத் தள்ளும் தண்டனை கிடைத்தது. வேகமும் இல்லை, பழைய மூர்க்கம் மட்டும் மிச்சம் என்ற பேச்சு அன்றுதான் உச்சத்துக்குப் போனது.

இந்தச் சரிவுக்கு எல்லோரும் கைகாட்டியது வயதைத்தான். கண்ணும் கையும் மந்தமாகிவிட்டன என்பது எளிய விளக்கம். அதைவிடக் கனமான காரணங்கள் டயரில் இருந்தன. ஷூமாக்கர் கோலோச்சிய காலத்தில் பிரிட்ஜ்ஸ்டோனும் மிஷெலினும் போட்டி போட்டு டயர் செய்தன; பிரிட்ஜ்ஸ்டோன் தன் டயரை ஃபெராரியோடு கைகோத்தே வளர்த்தது. பந்தயத்தின் நடுவே பெட்ரோல் நிரப்பவும் அனுமதி இருந்தது. எனவே கார் எப்போதும் லேசாக இருக்கும். புது டயர், முழு வேகம், மறுபடி பிட், மறுபடி முழு வேகம். அந்த ஓட்டத்தில் அவருக்கு நிகர் கிடையாது. அவர் திரும்பி வந்த 2010-இல் நடுவே எரிபொருள் நிரப்புவது தடை செய்யப்பட்டிருந்தது. முழுப் பந்தயத்துக்கான எரிபொருளையும் சுமந்தபடி தொடங்கி, டயரைக் காப்பாற்றிக்கொண்டே ஓட்ட வேண்டும். முன் டயரின் அகலமும் 270 மில்லிமீட்டரிலிருந்து 245 ஆகக் குறைந்தது.

முன் டயர் மெலிந்தது சின்ன விஷயமாகத் தோன்றலாம். ஷூமாக்கரின் பாணிக்கு அது பெரிய அடி. வளைவுக்கு மிக அருகில் பிரேக் பிடித்து, காரின் மூக்கைச் சட்டென்று உள்ளே திருப்பி, பின்பக்கம் வழுக்கினால் அதை ஆக்ஸிலரேட்டராலும் ஸ்டியரிங்காலும் சமாளிப்பதுதான் அவர் வழக்கம். இதற்கு முன்சக்கரங்கள் தரையை இறுகப் பற்ற வேண்டும். 2010 மெர்சிடிஸ் நேர்மாறானது. ஸ்டியரிங்கைத் திருப்பினாலும் மூக்கு சோம்பலாக வெளிப்பக்கமே போகும். மே மாதம் ஸ்பெயினில் சக்கரங்களுக்கு இடையிலான நீளத்தை மாற்றிய காரைக் கொடுத்தபோது, அந்த ஒரு வாரம் ஷூமாக்கர் நான்காவது வந்தார், ரோஸ்பெர்க் 13-ஆவது. ஆனால் அது நிலைக்கவில்லை. ரோஸ்பெர்க்கோ எந்தக் காரைக் கொடுத்தாலும் அதற்கேற்பத் தன்னை மாற்றிக்கொண்டார். அவருடைய உண்மையான பலம் இதுதான் என்பதை அன்று அதிகம் பேர் கவனிக்கவில்லை.

ஃபெராரி காலத்தில் இப்படி ஒரு சிக்கல் வந்திருந்தால் ஷூமாக்கர் நேராக ஃபியோரானோ போயிருப்பார். அது ஃபெராரியின் சொந்த ஓடுதளம். பந்தயம் இல்லாத நாள்களில் நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் ஓட்டி, பொறியாளர்களோடு உட்கார்ந்து, காரைத் தன் கைக்கு ஏற்பச் செதுக்குவார். செலவைக் குறைக்க 2009-இல் பருவத்தின் நடுவே சோதனை ஓட்டங்கள் தடை செய்யப்பட்டன. மூன்று ஆண்டு இடைவெளிக்குப் பின் வந்தவருக்கு, புது டயரையும் புதுக் காரையும் பழகுவதற்குப் பந்தய நாள்களே மிஞ்சின. தவறுகளும் அங்கேயே, எல்லோர் கண் முன்னாலும் நடந்தன.

2011-இல் டயர் வழங்கும் பொறுப்பு பிரெல்லிக்குப் போனது. வேண்டுமென்றே சீக்கிரம் தேய்வதுபோல் செய்யப்பட்ட டயர்கள் அவை. இவற்றை வைத்து ஒருவன் தன் முழு வேகத்தில் ஓட்டவே முடியாது என்று ஷூமாக்கர் பின்னாளில் வெளிப்படையாகவே குறைப்பட்டுக்கொண்டார். ஆனாலும் அந்த ஆண்டு இடைவெளி வெகுவாகக் குறைந்தது: 89-க்கு 76. தகுதிச் சுற்றில் பின்தங்குவதும், பந்தய நாளில் இடங்களைப் பிடித்து மேலே வருவதும் அவர் வழக்கமானது. ஆகஸ்ட் மாதம் பெல்ஜியத்தின் ஸ்பா ஓடுதளத்தில் இதற்கு நல்ல உதாரணம் கிடைத்தது. 20 ஆண்டுகளுக்கு முன் அவர் அறிமுகமானதும் அங்கேதான். தகுதிச் சுற்று தொடங்கியதுமே பின்சக்கரம் ஒன்று கழன்று ஓடியதால், 24 கார்களில் கடைசியாக நின்று புறப்பட்டார். ரோஸ்பெர்க் ஐந்தாவது இடத்திலிருந்து கிளம்பி முதல் சுற்றிலேயே முன்னணிக்குப் போனார். முடிவில் ஷூமாக்கர் ஐந்தாவது, ரோஸ்பெர்க் ஆறாவது. அக்டோபரில் தில்லிக்கு அருகே நடந்த முதல் இந்திய கிராண்ட் பிரீயிலும் அதே வரிசைதான். கோவைக்காரரான நரேன் கார்த்திகேயன் 17-ஆவதாக வந்த பந்தயம் அது.

2012-ஐத்தான் நிதானமாகப் பார்க்க வேண்டும். புள்ளிப் பட்டியல் ரோஸ்பெர்க்குக்கு 93, ஷூமாக்கருக்கு 49 என்கிறது. சீனாவில் ரோஸ்பெர்க் முதலிடத்தில் தொடங்கி முதல் வெற்றியைப் பெற்றார். மெர்சிடிஸ் தன் சொந்த அணியாக வென்றது 1955-க்குப் பிறகு அதுவே முதல் முறை. அன்று அவருக்குப் பக்கத்தில், இரண்டாவது இடத்திலிருந்து புறப்பட்டவர் ஷூமாக்கர். டயர் மாற்றும்போது ஒரு சக்கரம் சரியாக முறுக்கப்படாததால் அவர் பாதியிலேயே நிறுத்த வேண்டியிருந்தது. ஆஸ்திரேலியாவில் மூன்றாவதாகப் போய்க்கொண்டிருந்தபோது கியர்பாக்ஸ் போனது. மொனாக்கோவில் எரிபொருள் அழுத்தம் விழுந்தது. கனடாவில் பின் இறக்கையின் மடல் திறந்தபடியே சிக்கிக்கொண்டது. ஸ்பெயினில் மட்டும் குற்றம் அவருடையது: புரூனோ சென்னாவின் காரைப் பின்னாலிருந்து இடித்தார். முதல் ஏழு பந்தயங்களில் ஐந்தை அவர் முடிக்கவே இல்லை. அந்தக் கட்டத்தில் ரோஸ்பெர்க் 67, ஷூமாக்கர் 2.

மீதி 13 பந்தயங்களை மட்டும் தனியாகக் கூட்டினால் கணக்கு தலைகீழ்: ஷூமாக்கர் 47, ரோஸ்பெர்க் 26. ஆண்டு முடிவின் பட்டியலை மட்டும் புரட்டுபவர் கண்ணில் இது படாது.

அந்த ஆண்டின் மொனாக்கோ தகுதிச் சுற்று தனியாகச் சொல்லத் தக்கது. இரண்டு பக்கமும் இரும்புத் தடுப்புகள் நெருக்கும் தெருக்களில், ஒரு விரல் அகலம் தப்பினாலும் சக்கரம் உடையும் இடம். ஷூமாக்கர் எடுத்த நேரம் 1 நிமிடம் 14.301 வினாடி. மார்க் வெப்பர் 14.381, ரோஸ்பெர்க் 14.448. அனைவரிலும் வேகமானவர் 43 வயதுக்காரர்! ஆனால் ஸ்பெயினில் சென்னாவை இடித்ததற்கான ஐந்து இடத் தண்டனை இந்தப் பந்தயத்துக்கு ஒத்திவைக்கப்பட்டிருந்தது. அவர் ஆறாவது இடத்துக்குப் போனார். முதலிடத்தைப் பெற்ற வெப்பரே பந்தயத்தையும் வென்றார். கண் மந்தமாகிவிட்டது, கை மந்தமாகிவிட்டது என்ற விளக்கம் அந்த ஒரு சுற்றோடு செல்லாக்காசாகிவிட்டது என்றே சொல்ல வேண்டும். ஜூன் 24 அன்று வலென்சியாவில், 12-ஆவது இடத்தில் தொடங்கி மூன்றாவதாக முடித்தார். முன்னால் போனவர்கள் பழுதிலும் மோதலிலும் விழுந்ததால் கிடைத்த இடம். தான் மேடை ஏறப்போவதே தெரியாமல் வானொலியில் அணியைக் கேட்டுத்தான் தெரிந்துகொண்டார். 1970-இல் ஜாக் பிரபாமுக்குப் பிறகு அந்த வயதில் எவரும் மேடை ஏறியதில்லை.

மறுவருகை எப்போதும் இப்படித்தான் முடியும் என்றும் இல்லை. நிக்கி லௌடா 1979-இல் விலகி 1982-இல் மெக்லாரனுக்குத் திரும்பினார். மூன்றாவது பந்தயத்திலேயே வென்றார். 1984-இல் அவருக்குச் சக வீரராக வந்தவர் ஆறு வயது இளையவரான அலன் புரோஸ்ட். தகுதிச் சுற்றில் ஏறக்குறைய எல்லா இடங்களிலும் புரோஸ்டே முன்னால். வெற்றிகளிலும் 7-க்கு 5. ஆனால் பட்டம் அரைப் புள்ளி வித்தியாசத்தில் லௌடாவுக்கு. அந்த ஆண்டு ஒரு பந்தயத்துக்கு 220 லிட்டர் எரிபொருள்தான் என்று வரம்பு இருந்தது. ஒரு சுற்றின் வேகத்தைவிட 70 சுற்றுகளின் கணக்கு பெரிதாக இருந்த காலம் அது. லௌடாவின் நிதானத்துக்கு விதிமுறையே துணை நின்றது. 2021-இல் திரும்பிய பெர்னாண்டோ அலோன்சோவும், தன்னைவிட 15 வயது இளையவரான எஸ்தபான் ஓகோனைப் புள்ளிகளில் 81-க்கு 74 என்று முந்தினார். அவர் இடைவெளியில் சும்மா இருக்கவில்லை. லே மான் 24 மணி நேரப் பந்தயத்தை இரண்டு முறை வென்றிருந்தார், டக்கார் ராலியும் ஓட்டினார். ஷூமாக்கரின் மூன்று ஆண்டுகளில் இதற்கு ஈடான பந்தய அனுபவம் கிடையாது.

2012 செப்டம்பர் இறுதியில் லூயிஸ் ஹாமில்டனை மெர்சிடிஸ் ஒப்பந்தம் செய்தது. அக்டோபர் 4 அன்று ஜப்பானின் சுசூகாவில் ஷூமாக்கர் இரண்டாவது ஓய்வை அறிவித்தார். நவம்பர் 25 அன்று பிரேசிலில் ஏழாவதாக வந்து முடித்துக்கொண்டார். ரோஸ்பெர்க் அன்று 15-ஆவது.

இளையவரின் மதிப்பு தெரிய மேலும் நான்கு ஆண்டுகள் ஆயின. ஹாமில்டனோடு ஒரே அணியில் 2013 முதல் மோதிய ரோஸ்பெர்க், 2016-இல் 385-க்கு 380 என்று அவரை வென்று உலக சாம்பியன் ஆனார். ஐந்தே நாளில் ஓய்வும் பெற்றார். 2010-இல் ஷூமாக்கரைக் கேலி செய்தவர்கள், ஒரு வெற்றிகூட இல்லாத சாதாரண வீரரிடம் அவர் தோற்றதாக நினைத்தே பேசினார்கள். அவர் தோற்றது, தலைமுறையின் மிகச் சிறந்த வீரரையே ஒரு முழுப் பருவத்தில் வீழ்த்தக்கூடிய ஒருவரிடம். 2010-இல் ஷூமாக்கர் மோசமாகத்தான் ஓட்டினார், அதை மறுப்பதற்கில்லை. 2012-இன் பிற்பாதியில் அதே ரோஸ்பெர்க்குக்கு அவர் எந்த வகையிலும் குறைந்தவர் இல்லை.