பெரியகுளத்துக்குக் குடிபோகலாமா?

"ரிட்டையர் ஆயாச்சு... சென்னை வீட்டை வித்துட்டு பெரியகுளத்துக்கே போயிடலாமே!" பல வீடுகளில் கேட்கிற பேச்சு இது. கொடைக்கானல் மலையடிவாரம், மாந்தோப்பு, வராக நதி... ஆசை வரத்தான் செய்யும்!

லாரிக்குச் சொல்வதற்கு முன், வீட்டு மருந்து டப்பாவைத் திறந்து பாருங்கள். சுகர், பிரஷர் மாத்திரை மட்டும்தானா? சிரமமில்லை. மாவட்டத் தலைமை அரசு மருத்துவமனை பெரியகுளத்திலேயே இருக்கிறது. இதய நோய், கேன்சர் என்றால் யோசிக்கணும். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருப்பது ஆண்டிபட்டி அருகே கானாவிலக்கில். அதையும் தாண்டினால் மதுரைதான்.

பிரஷர்காரர்களும் அசட்டையாக இருக்கக் கூடாது. பக்கவாதம் சொல்லிக்கொண்டு வராது! ஸ்கேன் பார்த்து, ரத்தக்கட்டியைக் கரைக்கும் ஊசியை நாலரை மணி நேரத்துக்குள் போட்டாக வேண்டும். அந்த வசதி எங்கே இருக்கிறது, ராத்திரி 2 மணிக்குக் கூட வர யார் இருக்கிறார்கள் என்று முதலிலேயே விசாரித்து வையுங்கள். 108 நம்பர் எல்லோருக்கும் தெரிந்திருக்கட்டும்.

பழைய டாக்டரை விட மனசில்லையா? 2023 முதல் போடி - சென்னை ரயில் ஓடுகிறது. தேனியில் ஏறலாம். செக்கப்புக்கு சரி, அவசரத்துக்கு உதவாது.

இன்னொன்று... பெரியவர்களுக்குப் பேச்சுத்துணையும் மருந்துதான். சொந்தபந்தம் பக்கத்தில் உண்டா, பாருங்கள்.

வீட்டை உடனே விற்க வேண்டாம். மூணு மாசம் வாடகைக்கு இருந்து பாருங்க. உடம்பும் மனசும் ஒத்துக்கிட்டா, அப்புறம் விற்கலாம்!