ஸ்டான்வெல்: தட்டுப்பாட்டில் பிறந்த சுங்கான்

நான் புகைப்பதில்லை. சுங்கானும் வாய்ப் புற்றுநோயைக் கொண்டுவரும் என்பதில் எனக்கு மாற்றுக்கருத்து இல்லை. ஆனாலும் டென்மார்க்கின் ஸ்டான்வெல் சுங்கானைப் பற்றி எமது வாசகர்களுக்கு எழுதவேண்டும் என்று தோன்றியது. யுத்தத்துக்குள் தொடங்கிய தொழில் அது.

1940 ஏப்ரலில் ஜேர்மனி டென்மார்க்கைக் கைப்பற்றியது. அதுவரை அங்கு விற்பனையான நல்ல சுங்கான்கள் பெரும்பாலும் இங்கிலாந்திலும் பிரான்சிலும் இருந்து வந்தவை. அந்த வரத்து நின்றது. மரமும் வரவில்லை. சுங்கானுக்கு ஏற்ற மரம் பிரையர். மத்தியதரைக் கடலோரங்களில் வளரும் ஒரு புதர்மரத்தின் அடிவேரில் திரளும் முண்டு. மிகக் கடினமானது. தணலைத் தாங்கும், புகையிலையின் ஈரத்தை உறிஞ்சும். முண்டைப் பல மணிநேரம் அவித்து, மாதக்கணக்கில் காயவிட்ட பின்னரே கடைவார்கள். அவசரமாகக் காய்ந்தால் வெடித்துவிடும்.

போல் நீல்சன் 1942இல் உள்ளூர் பீச் மரத்தில் சுங்கான் செய்யத் தொடங்கினார். பீச் பிரையருக்கு ஈடல்ல, சீக்கிரம் கருகும். வேறு கிடைக்காததால் மக்கள் வாங்கினார்கள். பொருளாதாரத் தடைக்காலத்தில் ஜாம் போத்தல் விளக்கில் படித்தவர்களுக்கும், சைக்கிளைக் கவிழ்த்து டைனமோ சுற்றி வானொலி கேட்டவர்களுக்கும் இதை நான் விளக்கத் தேவையில்லை.

தடை நீங்கியதும் இப்படியான பொருட்களை யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. நீல்சன் அதற்கு இடம்கொடுக்கவில்லை. யுத்தம் முடிந்து பிரையர் கிடைத்ததும் அதற்கு மாறினார். பெயரையும் மாற்றினார். நல்ல சுங்கான் என்றால் ஆங்கிலேயர் செய்ததுதான் என்று வாங்குவோர் நம்பிய காலம். ஆகவே ஆங்கிலப் பெயர்போல ஒலிக்கும் ‘ஸ்டான்வெல்’. பிறகு தனது குடும்பப் பெயரையே அப்படி மாற்றிக்கொண்டார். இதை வெறும் வியாபாரத் தந்திரம் என்று என்னால் கடந்துபோக முடியவில்லை.

இத்தனைக்கும் ஸ்டான்வெல்லுக்குப் பேர் வாங்கிக் கொடுத்தது டென்மார்க் வடிவமைப்புத்தான். சுவீடனில் பிறந்து கோப்பன்ஹேகனில் பட்டறை வைத்திருந்த சிக்ஸ்டன் இவார்சன், மரத்தின் இழையோட்டத்தைப் பார்த்து வளைவைத் தீர்மானித்தவர். அவர் கையால் செய்த சுங்கானை வாங்க வசதியில்லாதவர்கள், அவர் வரைந்த வடிவத்தைத் தொழிற்சாலை விலையில் ஸ்டான்வெல்லில் வாங்கினார்கள்.

போரூப் ஊரில் இருந்த தொழிற்சாலை 2009 முடிவில் மூடப்பட்டது. உற்பத்தி இத்தாலிக்குப் போனது. பழைய ஸ்டான்வெல் தேடுவோர் இன்று முதலில் பார்ப்பது, தண்டில் ‘மேட் இன் டென்மார்க்’ முத்திரை இருக்கிறதா என்பதைத்தான்.